முதலில் வந்தவர் யார்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பிளிமத் கடற்கரையிலே ஒரு கல். அதன்மீது 1620 என்று பொறித்திருக்கிறார்கள். மேலே மண்டபமும் எழுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளோடு வந்த மேபிளவர் கப்பலார் முதன்முதல் கால்வைத்த கல்லாம் அது! வந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலோ அந்தக் கல்லைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. 121 ஆண்டுகள் கழித்து, 1741-இல், 94 வயது முதியவர் ஒருவர் சுட்டிக்காட்டினார், கல் புனிதமாயிற்று. கல்லுக்கு மண்டபம் கட்டும் பழக்கம் நமக்கு மட்டுமே உரியதென்று எண்ணிட வேண்டாம்!

அதே ஊரில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமும் உண்டு. தொல்லியல் ஆர்வலரான ஹென்றி ஹார்ன்புளோவர் 1947-இல் நிறுவியது. ஊரே அங்கு காட்சிப்பொருள். 1627-இல் குடியேறிகளின் சிற்றூர் இருந்த கோலத்தில் பலகைச் சுவர், புல்வேய்ந்த கூரை, தோட்டம், சுற்றிலும் மரவேலி. அக்கால உடையில், அக்காலப் பேச்சில், குடியேறிகளாகவே நடிப்போர் காண்போரை வரவேற்கின்றனர். முதற் பனிக்காலத்திலேயே வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோரின் உழைப்பையும் துணிவையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால், முன்னோடிகள் என்கிறார்களே, அவர்களுக்கு முன்னே அங்கு எவரும் இல்லையா? இருந்தனர்! வாம்பனோக் மக்கள், 12,000 ஆண்டுகளாக. பிளிமத் எழுந்த இடத்தில் இருந்தது அவர்களுடைய பட்டக்செட் என்னும் ஊர். ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் 1616 முதல் 1619 வரை பரவி அவ்வூரை அழித்தது. 1614-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு, ஸ்பெயினில் விற்கப்பட்ட டிஸ்குவாண்டம், 1619-இல் தாயகம் திரும்பினார். ஊர் இருந்தது, உற்றார் இல்லை! அந்த மனிதரே பின்னர் குடியேறிகளுக்கு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார்.

மன்னன் ஜேம்ஸ் 1620-இல் வழங்கிய பட்டயமோ, அந்தக் கொள்ளைநோயை ஆண்டவன் செயலென்றது; நிலம் ஆளற்றுப் போனதைத் தம்மவர்க்குக் கிட்டிய அருளாகக் கண்டது. கொன்றது நோய், பட்டா எழுதியது ஆண்டவன் பெயரால்!

1970-இல் 350-ஆம் ஆண்டு விழா. பேச அழைக்கப்பட்ட வாம்பனோக் தலைவர் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் தம் உரையில் இந்த உண்மைகளை எழுதியதால், பேசும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. நாடு நன்றி நாள் கொண்டாடிய அன்று, அவரும் தோழர்களும் துக்கநாள் கடைப்பிடித்தனர். அது ஆண்டுதோறும் தொடர்கிறது.

அருங்காட்சியகமும் அசைந்தது. 1970-களில் வாம்பனோக் குடியிருப்பும் அங்கே இடம்பெற்றது. அதில் நிற்கும் தொல்குடி மக்கள் நடிப்பதில்லை. இன்றைய மனிதர்களாகவே பேசுகின்றனர். தம்மினம் மறைந்துவிடவில்லை என்பதற்கு அவர்களே சான்று. 2020-இல் பட்டக்செட் என்ற சொல் அருங்காட்சியகத்தின் பெயரிலும் ஏறிற்று. ஒரு சொல் ஏற 73 ஆண்டுகள்! 2022-இலோ, பெயரில் வந்த மாற்றம் செயலில் வரவில்லை, தொல்குடிப் பகுதி பழுதுபட்டுச் சிறுத்துக் கிடக்கிறது என்று கூறி, வாம்பனோக் மக்களே அதைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தனர். பெயர்ப்பலகை மாறினால் நீதி வந்துவிட்டதாக அவர்கள் ஏமாறவில்லை.

தோழர்களே! பழைய வீட்டைக் காப்பது நன்று. அது யார் வீடு, யார் வீடு இருந்த இடம் என்று கேட்பது அதனினும் நன்று. கேள்வி கேட்பாரின்றேல் வென்றவன் கதையே வரலாறாக நிலைத்துவிடும்.