குவாந்தான் விமானத் தளமும் அதன் காவற்படையும்

பகாங் மாநிலத் தலைநகரான குவாந்தானிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் சுல்தான் ஹாஜி அகமட் ஷா விமான நிலையம் அமைந்துள்ளது. கோலாலம்பூருக்குச் செல்லும் பயணிகள் விமானங்களும் மலேசிய அரச விமானப் படையின் விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. 1990களின் நடுவில் வாங்கப்பெற்ற மிக்-29 போர் விமானங்கள் இங்குதான் நிலைகொண்டிருந்தன. பயணிகள் வந்துபோகும் இவ்விடம் தொடக்கத்தில் போருக்கென்றே அமைக்கப்பட்டதாகும்.

மலாயாவை நோக்கி வரும் பகைவரைக் கடலிலேயே வானூர்திகளால் தடுத்துவிடலாம் எனக் கருதிய ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போருக்கு முன்னர்க் கீழைக் கடற்கரைப் பகுதியில் கோத்தா பாருவிலும் குவாந்தானிலும் தளங்கள் அமைத்தனர். எவ்விடத்தில் அமைத்தால் காப்பது எளிது என்பதைத் தரைப்படையினரோடு கலந்து ஆராய்ந்தாரில்லை. தளங்கள் எழுந்த பின்னரோ, அவற்றைக் காக்கும் பொறுப்பு தரைப்படையின் தலையில் விழுந்தது. தோட்டத்துக் கோடியில் களஞ்சியத்தைக் கட்டிவிட்டுக் காவலாளியைத் தேடுவதை ஒத்தது இது. இருந்த சிறு படையும் ஆங்காங்கே சிதறி நிற்க நேர்ந்தது.

1941 டிசம்பர் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குவாந்தான் தளத்தைத் தாக்கின. அன்றே எஞ்சிய விமானங்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. தளப் பணியாளரும் விரைந்து வெளியேறினர். காவலுக்கு வந்த 22ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு மட்டும் அங்கேயே நின்றது. அவ்விரவே, ஜப்பானியர் குவாந்தானில் கரையிறங்குகின்றனர் என்னும் பொய்ச் செய்தியை நம்பி, 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் போர்க்கப்பல்கள் அப்பக்கம் திரும்பின. கரையில் எதிரி எவருமில்லை. மறுநாள் அவ்விரு கப்பல்களும் மூழ்கடிக்கப்பட, 840 பேர் மாண்டனர்.

கப்பல்களின் கதையை விரித்துரைக்கும் நூல்கள், சீக்கியரும் கடுவாலியரும் எல்லைப்புற வீரரும் அடங்கிய அக்காலாட்படையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. விமானமில்லாத் தளத்தை அவர்கள் ஏன் காக்க வேண்டும்? அது பகைவர் கைப்பட்டால், சிங்கப்பூருக்குத் துணைப்படை ஏற்றிவரும் கப்பல்களுக்கு ஊறு நேரும். ஆதலால் அக்காவலை வீண் என்று தள்ளிவிட இயலாது. எனினும் அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

கடல்வழியே வருவரென எதிர்பார்க்கப்பட்ட ஜப்பானியர், கோத்தா பாருவிலிருந்து தரைவழியாகவே வந்து சேர்ந்தனர். டிசம்பர் இறுதியில் நகரம் வீழ்ந்தது; ஆற்றுக்கு மேற்கே இருந்த தளமோ 1942 சனவரி 3 வரை நின்றது. படை விலகத் தொடங்கிய அந்நாளில் ஜப்பானியர் பாய்ந்தனர். 12ஆம் எல்லைப்புறப் படையணியின் இரண்டாம் பட்டாளத் தலைவரான ஆர்தர் கம்மிங், வயிற்றில் இருமுறை துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துண்ட நிலையிலும், கவச ஊர்தியொன்றில் சென்று, ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் குண்டுமாரிக்கிடையே சிதறிக் கிடந்த தம் வீரரைத் திரட்டினார். அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பெற்றது. எஞ்சியோர் ஜெராந்துட் சாலை வழியே மேற்கு நோக்கிச் சென்றனர்.