இன்சுலின் சிகிச்சை (இரண்டாம் வகை நீரிழிவில்)

கணையம் சுரக்கும் இன்சுலின் சரீரத்தில் முழுப் பயன் தராமலும், நாளடைவில் அச்சுரப்பே குன்றியும் போகின்ற இரண்டாம் வகை நீரிழிவில், பத்தியமும் மெட்பார்மின் முதலிய மாத்திரைகளும் போதாதபோது வைத்தியர்கள் மேற்கொள்வது இச்சிகிச்சை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10 சதவீதத்தை மிஞ்சினாலோ, ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 300 மில்லிகிராமை எட்டினாலோ, ஆரம்பத்திலேயே ஊசியை ஆலோசிப்பதுண்டு.

பொதுவாக, நெடுநேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நாளொன்றுக்கு 10 யூனிட் அளவில் தொடங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 80 முதல் 130க்குள் அடங்கும்வரை மூன்று நாளைக்கொரு முறை 2 யூனிட் கூட்டிச் செல்வர். காரணம் புலப்படாமல் 70க்குக் கீழே இறங்கினால் அளவை 10 முதல் 20 சதவீதம் குறைப்பர். காலைச் சர்க்கரை வசப்பட்டும் எச்பிஏ1சி இறங்காவிடில், பிரதான உணவுக்கு முன் துரித இன்சுலின் 4 யூனிட் சேர்ப்பது அடுத்த படி.

அளவைக் காட்டிலும் பிரயோகத்தில் நேரும் பிழைகளே பல சமயம் அபாயம் விளைவிக்கின்றன. இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பிகளும் 100 யூனிட் கொண்டவையும் ஒருங்கே விற்பனையாவதால், 40க்குரிய மருந்தை 100க்குரிய சிரிஞ்சில் அதன் கோடுகளின்படி எடுப்பவர், தாம் அறியாமலே ஐந்தில் இரண்டு பங்கு மருந்தைத்தான் பெறுகிறார்; மாறாக எடுத்தாலோ இரண்டரை மடங்கு ஏறிவிடும். நோயாளி கையாளும் சிரிஞ்சை நேரில் பாராத வைத்தியம் அரைகுறை வைத்தியமே. ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கட்டி தோன்றி மருந்து சீராகச் சேராது. சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் கண்டால், நினைவுள்ளவருக்கு உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பரிசோதித்தல் வேண்டும்.