கல்லாய் நின்ற கூரை

மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்கள் என வழங்கப்படுபவை இரதங்களல்ல. பாண்டவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அப்பெயர்கள் பிற்காலத்து மக்கள் இட்டவை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் கடற்கரைப் பாறைகளைத் தம் காலத்து வீடுகளின் வடிவில் செதுக்கினர் என்பதே பொருந்தும்.

வடகோடியிலுள்ள திரௌபதி இரதம் ஒரு குடிசை. சதுரமான சிற்றறை, அதன்மேல் நாற்புறமும் வளைந்திறங்கும் ஓலைக் கூரை, ஓலையின்றிக் கல்லில். உள்ளே கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் ஒருவன் தன் தலையையே அரிந்து படைக்க முற்படுகிறான். வீமன் இரதத்தின் கூரை வண்டிக்கூண்டு போல் நீண்டு வளைந்தது. நகுல சகாதேவ இரதம் பின்புறம் யானையின் முதுகெனத் திரண்டது. இவ்வடிவைத் தூங்கானை மாடம் என்பர். அதனருகிலேயே ஓர் யானையையும் செதுக்கி நிறுத்தியது சிற்பியின் குறும்பாகவே தோன்றுகிறது.

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்துடன் பொறித்தான். அவன் வழிவந்தோரும் மரத்தை விட்டனர். மரத்தின் உருவை விட இயலவில்லை. கூரை விளிம்புகளில் வரிசையாக விளங்கும் கூடுகள் மரவளைவுகளால் ஆன கூரை முகப்பின் நகல்களே.

வீடு கட்டுவோன் முதலில் கால் நட்டு இறுதியில் கூரை வேய்வான். பாறையைக் குடைவோனுக்கோ கூரையே தொடக்கம். மேலிருந்து கீழே வருவான். தருமராச இரதத்தின் மேல்நிலைகள் நிறைவுற்றும் அடித்தளம் முற்றுப்பெறாமல் நிற்பதன் காரணம் இதுவே.

தொண்டை நாட்டுக் குடிசைகளைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலின் கூரையை முள்ளம்பன்றியின் முதுகோடு உவமிக்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அக்குடில்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. காஞ்சியில் பல்லவர் வாழ்ந்த அரண்மனையும் இல்லை. ஆண்ட மன்னனின் மாளிகை அழிந்த நாட்டில் எளியோர் குடிசையின் உருவம் நிலைத்தது. ஆயின், அதில் எளியோர் எவரும் குடியிருந்ததில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அண்மையிலுள்ள சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. செங்கல் மணலுக்குள் கிடந்தேனும் தப்பியது. ஓலைக்கும் மூங்கிலுக்கும் அந்த வாய்ப்பும் இல்லை. அக்காலத்துக் கூரை எவ்வாறு வளைந்தது, எங்கே இறவாரமாய்த் தாழ்ந்தது என அறிய விழைவோர் திரௌபதி இரதத்தின் முன்தான் சென்று நிற்கவேண்டும்.