மழையும் விதானையும்

பெரிய கம்பனிகளை நடத்தும் தலைமை அதிகாரிகள் பெறுகின்ற சம்பளம், சாதாரண ஊழியன் பெறுவதைப்போல் நூறு மடங்காகவும் அதற்கு மேலாகவும் இருப்பதைப் பல நாடுகளிற் காண்கிறோம். 'அவரால் இலாபம் வந்தது; வந்த இலாபத்திற்கு ஏற்பக் கொடுக்கிறோம்' என்பதே அதற்குக் கூறப்படும் நியாயம். இந்த நியாயத்தை ஆராய, நேயர்களே, இலண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போகவேண்டியதில்லை. விளைச்சலுக்கேற்ற ஊதியம் என்னும் முறையை நமது வன்னிநாடு நெடுங்காலம் கையாண்டிருக்கிறது. இரணைமடுக் கட்டிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.

நாம் இன்று காணும் இரணைமடுக் குளம் பிரித்தானியர் காலத்தது. ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885 இல் அதற்குத் திட்டம் வகுத்தார். 1902 இல் வேலை தொடங்கியது. முடிவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. பின்னர் கட்டு பல தடவை உயர்த்தப்பட்டு, 1970களின் இறுதியில் ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேற்பட்ட நீரைத் தாங்கும் குளமாயிற்று. ஆயினும் குளத்துக்கு நீர் தருவது கனகராயன் ஆறு. ஆற்றுக்கு நீர் தருவது வடகீழ்ப் பருவமழை. மழை பொய்த்துவிட்டால் பாக்கரின் திறமையெல்லாம் வெறும் மண்கட்டாய்க் கிடக்கும்.

இத்தகைய குளங்களின் நீரை வயல்களுக்குப் பங்கிடும் பொறுப்பு முற்காலத்தில் விதானையுடையது. சிங்களப் பகுதிகளில் அவரை வெல் விதானை என்றனர். நம்மவர் வட்டவிதானை என்றனர். துருசு எப்போது திறக்கவேண்டும், எந்த வாய்க்காலுக்கு எந்த முறையில் நீர் செல்லவேண்டும், வேலியடைக்காதவன் யார், கட்டுத் திருத்த வராதவன் யார் என்பவையெல்லாம் அவர் கவனிக்கவேண்டியவை. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தப் பழைய வழக்கங்களுக்குச் சட்டத்தின் வலுவை அளித்தது. விதானைக்குத் திறைசேரியிலிருந்து மாதச் சம்பளம் இல்லை. சூடடித்த பின்னர் கமக்காரர் தத்தம் நெல்லில் ஒரு பங்கை அவருக்கு அளந்து கொடுத்தனர். விளைந்தால் அவருக்கும் நெல். விளையாவிடின் அவருக்கும் இல்லை.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இதைவிட நீதியான ஏற்பாடு வேறில்லை என்றே தோன்றும். ஆனால் மழை மிகுந்த ஆண்டிலே துருசடியில் உறங்கிய விதானைக்கும் பங்கு நிறைந்தது. வறண்ட ஆண்டிலோ, இரவெல்லாம் வாய்க்கால் வழியே நடந்து பயிரின் பாதியையேனும் காப்பாற்றியவருக்குச் சொற்ப நெல்லே மிஞ்சியது. ஆகவே நெல்லின் அளவு விதானையின் திறமையை அளக்கும் கோலன்று. மழையையும் விதானையையும் அது ஒருசேர அளந்தது. இந்தக் குறை அவ்வளவாகத் தலைதூக்காமற் போனதற்கு என்ன காரணம்? பங்கு கொடுத்தவன் அதே வயலில் நின்றான். அயல் வட்டையில் அதே மழைக்கு என்ன விளைந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். கணக்குப் புத்தகம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை!

விதானை முறை குற்றமற்றதாக இருந்ததென்று நான் கூறவரவில்லை. காணி மிகுந்தோர் பக்கம் நீர் சாய்கிறது என்ற முறைப்பாடு நாடெங்கும் இருந்தது. 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது.

இனி, சம்பளத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சீராகும் என்போரும் உளர். அவர்களுக்கும் நமது சரித்திரத்தில் விடை உண்டு. கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசுப்படி 1833 இல் இலங்கைச் சிவில் உத்தியோகத்தரின் சம்பளம் குறைக்கப்பட்டது. உபகாரச் சம்பளமும் நிறுத்தப்பட்டது. அரசாங்கம் செலவை மிச்சம் பிடித்தது. உத்தியோகத்தரோ மலைநாட்டிலே காடு வாங்கிக் கோப்பி நட்டனர். காணியை விற்கும் அரசாங்கத்தின் அதிகாரிகளே காணியை வாங்குவோராகவும் ஆயினர். தோட்டத்தில் மனம் வைத்தவருக்குக் கச்சேரி வேலை பிற்பட்டதில் வியப்பென்ன? பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1845 இல், ஸ்ரான்லி பிரபுவின் சீர்திருத்தத்தால் சம்பளம் உயர்த்தப்பட்டது. உபகாரச் சம்பளம் மீண்டது. தோட்டஞ் செய்தல் தடுக்கப்பட்டது. பொறுப்புள்ள பதவிக்குப் போதிய ஊதியம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 'போதிய' என்பதற்கும் 'எல்லையற்ற' என்பதற்கும் இடையிலேதான் வழக்கு.

கம்பனிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டிற் பிறந்த பொருளியலறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பேர்ட்ரண்ட் அம்மையாரும் 2001 இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறுவது எந்த அதிகாரியின் கைவண்ணமும் அன்று. அது வானத்து மழை போன்றது. ஆனால் அந்த விலையேற்றத்தால் வந்த இலாபத்துக்கும் தலைமை அதிகாரிகளின் ஊதியம் உயர்ந்தே இருந்தது. 2006 இல் வேறு இரு ஆய்வாளர் கண்டது இன்னும் விசேஷம்: நல்ல காலத்துக்கு ஊதியம் ஏறுகிற அளவுக்குக் கெட்ட காலத்துக்கு அது இறங்குவதில்லை. நமது விதானைக்கு இத்தகைய சலுகை கிடைத்ததில்லை. முல்லைநாதன் குழுவினர் கண்ட இன்னொன்றையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரும் பங்குதாரர் ஒருவர் பணிப்பாளர் சபையில் நேரில் அமர்ந்திருந்த கம்பனிகளில், அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கும் ஊதியம் குறைந்திருந்தது. வயலில் நின்று பார்த்த கமக்காரனை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை மத்திய வங்கி தன் ஊழியரின் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தியபோது நாட்டில் எழுந்த கொதிப்பும் இதே வகையானது. மூன்றாண்டுகளுக்கொருமுறை தொழிற்சங்கங்களுடன் செய்யும் உடன்படிக்கையின் வழியே வந்த உயர்வு அது. தேர்ந்தவர்கள் வெளிநாடு சென்றுவிடாமற் காக்கவேண்டும் என்ற வாதமும் கூறப்பட்டது. 2022 செப்டெம்பரில் எழுபது வீதத்தை எட்டிய பணவீக்கம் 2023 இன் நடுப்பகுதியில் பத்து வீதத்துக்குக் கீழ் இறங்கியதும் உண்மை. அந்த இறக்கத்தில் வங்கியின் திறமை எவ்வளவு, உலகச் சந்தையில் விலைகள் தணிந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமலே பாராளுமன்றத்தில் இரு சாராரும் வாதாடினர். 2023 ஆம் ஆண்டின் சட்டப்படி அச்சம்பளங்களை நிர்ணயிக்கும் அதிகாரம் வங்கியின் ஆளுஞ் சபைக்கே உரியது; அச்சபைக்குத் தலைவர் வங்கியின் ஆளுநர்.