கண்டியின் மூன்று நினைவிடங்கள்: யாருடைய மரணத்துக்குக் கல் நாட்டப்படுகிறது?

கண்டி தலதா மாளிகைக்கு அருகில் சிவப்புச் செங்கல்லில் நிற்கிறது புனித பவுல் ஆலயம். 1840களில் கட்டப்பட்ட இந்த ஆலயத்தில்தான் நகரில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினர் வழிபட்டனர். அவர்களது இறந்தோர், தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் 1817இல் தொடங்கப்பட்ட கரிசன் மயானத்தில் இருக்கிறார்கள். 1815 கண்டி ஒப்பந்தத்தின் சூத்திரதாரியான சேர் ஜோன் டொயிலியின் கல்லறையும் அங்கேதான். போரில் இறந்தவர்களை விடக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர்களே அங்கு அதிகம். குழந்தைகளின் பெயர்களைக்கூடக் கல்லில் வாசித்தேன்.

இரண்டாவது இடம், மகாவலிக்கு அண்மையிலுள்ள இரண்டாம் உலகப்போர் மயானம். சுமார் 200 பேர் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்: பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர், கனேடியர், சில இத்தாலியரும்கூட. அந்தப் போரின் முற்பாதியில் இத்தாலி பிரித்தானியாவின் எதிரி நாடு. இந்த மயானத்தைப் பேணும் பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழு 1917இல் உருவானது. பதவி, இனம், மதம் பாராமல் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் என்பது அதன் கொள்கை. அதுவும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. முதலாம் உலகப்போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என 2021இல் ஆணைக்குழுவே ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

மூன்றாவது, கெப்பெட்டிபொல திசாவையின் நினைவுத்தூண். 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட அவர், கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டார். பிரித்தானியர் அவரைத் துரோகியாக்கி, 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்தனர். மண்டையோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சுதந்திரத்தின் பின் அது திரும்பி வந்து, 1954இல் கண்டியில் வைக்கப்பட்டது. இன்று அவர் தேசிய வீரர்.

ஆக, ஒரே நகரில் ஆக்கிரமித்தவனுக்கும் கல்லறை உண்டு, எதிரி நாட்டவனுக்கும் உண்டு, ஒருகாலத்தில் துரோகி எனப்பட்டவனுக்கும் தூண் உண்டு. அரசு இவற்றில் எதையும் உடைக்கவில்லை. உடைக்கவும் கூடாது.

ஆனால் நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவுக்கு மலர் வைக்கும் அதே நாட்டில், மறுநாள் 27இல் விளக்கேற்ற வரும் வடக்கு, கிழக்குத் தாய்மார் நீதிமன்றத் தடையுத்தரவுகளை எதிர்கொண்டார்கள். துயிலும் இல்லங்கள் இடித்து அழிக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மீதே 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின்னரே மீண்டும் எழுந்தது.

இறந்தவர் எந்த அரசியலை ஏற்றார் என்பது வேறு விவாதம். பிள்ளை புதைக்கப்பட்ட இடத்தில் அழுவதற்கு ஒரு தாய்க்குள்ள உரிமை அந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கண்டியில் அந்நியப் படையினனுக்குக் கிடைத்த ஒரு கல்லும் ஒரு பெயரும், கோப்பாயில் புதைக்கப்பட்ட இந்நாட்டுப் பிள்ளைக்கு ஏன் மறுக்கப்படுகின்றன என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.