முகம் பேசும் மொழியும் டாவினின் பதினாறு வினாக்களும்

மேலைநாட்டார் ஒருவர் இலங்கைக்குப் புதிதாக வருகின்றார். கடைக்காரரிடம் ஒரு பொருளைக் குறித்து, "இது உண்டா?" என வினவுகின்றார். கடைக்காரர் தலையை இருபுறமும் மெல்ல அசைக்கின்றார். 'உண்டு' என்பது அவர் அளித்த விடை; 'இல்லை' என்பது வந்தவர் கொண்ட பொருள். சொல் எதுவும் பிழைபடவில்லை, கருத்தோ பிழைபட்டுவிட்டது.

வாயினாற் பேசும் மொழி நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை எவரும் அறிவர். உடம்பினாற் பேசும் மொழி மட்டும் உலகெங்கும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? இவ்வினாவை முறையாக எழுப்பி, உலகின் பல மூலைகளிலிருந்தும் விடை தேடியவர் ஆங்கில இயற்கை அறிஞர் சாள்ஸ் டாவின் ஆவார்.

அவர் காலத்தில் இது வெறும் பொழுதுபோக்கு வினாவாக இருக்கவில்லை. மனிதனின் உள்ளத்து உணர்ச்சிகளைப் புலப்படுத்துவதற்கென்றே சில முகத்தசைகள் அவனுக்குத் தனியே அளிக்கப்பட்டன எனச் சேர் சாள்ஸ் பெல் என்னும் உடற்கூற்றறிஞர் எழுதியிருந்தார். கறுப்பர், வெள்ளையர் முதலியோர் ஒரு குலத்தவர் அல்லர். வெவ்வேறு மூலங்களிலிருந்து தோன்றியவர்கள் என வேறு சிலர் வாதித்தனர். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தோர்க்கு அவ்வாதம் பெருந்துணையாயிற்று. எனவே, சிரிப்பும் அழுகையும் எல்லா மக்களுக்கும் பொதுவா என்னும் வினாவின் பின்னே, மனிதகுலம் ஒன்றா பலவா என்னும் பெருவினா நின்றது.

1839 ஆம் ஆண்டிலே தம் முதற் குழந்தை பிறந்த நாள் தொட்டு, அதன் முகக் குறிகளை டாவின் குறித்து வரலானார். குழந்தை பால் வேண்டாதபோது தலையைப் பக்கவாட்டிலே திருப்பிக்கொள்வதை அவர் கண்டார். மறுப்புக்குத் தலையசைத்தல் இதிலிருந்து பிறந்திருக்கலாம் எனக் கருதினார். ஆயினும் ஒரு வீட்டுக் குழந்தைகளை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே 1867 ஆம் ஆண்டிலே பதினாறு வினாக்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைப் பல நாடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அனுப்பினார். வியப்படையும்போது கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா? நாணத்தினால் முகம் சிவக்கின்றதா? இவ்வாறு செல்லும் பட்டியலின் இறுதி வினா, உடன்பாட்டுக்குத் தலை மேலும் கீழும், மறுப்புக்குப் பக்கவாட்டிலும் அசைகின்றதா என்பதாகும். நினைவிலிருந்து எழுதாதீர்கள், நேரிற் கண்டதையே எழுதுங்கள் எனவும் வேண்டிக்கொண்டார். முப்பத்தாறு பேர் விடையளித்தனர். அவர்களுட் பலர் சமயத் தொண்டர்கள்.

இம்முயற்சியில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. இந்நாட்டிலே குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேசன் தெனந்து, பிடித்துக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் சொரிந்ததைக் கண்டதாக எழுதியிருந்தார். டாவின் இதை ஆராய விரும்பினார். அவருக்காகக் கிளெனி என்னும் பாதிரியாரும் பிறரும் புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டமொன்றைக் கவனித்தனர். யானைகள் உரக்கப் பிளிறின, கண்ணைச் சூழ்ந்த தசைகள் சுருங்கவில்லை, கண்ணீரும் வரவில்லை. யானை அழுவதைத் தாம் கண்டதேயில்லை என வேட்டைக்காரரும் கூறினர். இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக் காவலாளியோ தாம் கண்டதுண்டு என்றார். டாவின் இரு சாரார் சாட்சியத்தையும் மறைக்காது தம் நூலிலே பதித்தார். தம் கருத்துக்கு இசையாத விடையையும் ஏற்று எழுதும் இந்நேர்மை போற்றத்தக்கது.

அந்நூல் 1872 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒளிப்படங்களைச் சான்றாகப் பயன்படுத்திய முதல் விஞ்ஞான நூல்களுள் அதுவும் ஒன்று. பிரெஞ்சு மருத்துவர் துசென் மின்சாரத்தால் முகத்தசைகளை இயக்கி எடுத்த படங்களை, விளக்கம் எதுவும் கூறாது இருபதுக்கு மேற்பட்டோரிடம் காட்டி, அவர்கள் கொண்ட பொருளையும் டாவின் ஒப்பிட்டுப் பார்த்தார். முக்கியமான உணர்ச்சிக் குறிகள் உலகெங்கும் ஒத்திருக்கின்றன என்பதும், மனித இனங்கள் யாவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதற்கு இதுவும் ஒரு சான்று என்பதும் அவர் கண்ட முடிபுகள்.

ஆனால் பதினாறாவது வினாவுக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் மறுப்புக்குச் செய்யும் அசைவைப் போன்றதொன்றைத் துருக்கியர் உடன்பாட்டுக்குச் செய்கின்றனர் என்னும் செய்தியையும் அவர் பதிவுசெய்தார். நம் கடைக்காரரின் தலையசைப்புக்கும் இங்கே இடமுண்டு.

இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. 1960களின் பிற்பகுதியிலே போல் எக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் நியூகினி மலைநாட்டிலே வாழும் போரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டினார். சிரிப்பு, துயரம் முதலியவற்றை அவர்கள் அறிந்துகொண்டனர்; அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் வேறுபடுத்த இயலாது இடர்ப்பட்டனர். மேலைநாட்டார் அச்சம் எனக் கொள்ளும் முகத்தைத் துரோபிரியந்துத் தீவினர் அச்சுறுத்தலாகக் காண்கின்றனர் என 2016 ஆம் ஆண்டில் வேறோர் ஆய்வு அறிவித்தது. எனவே, உலகுக்குப் பொதுவானது எது, வழக்கத்தால் அமைந்தது எது என்னும் விவாதம் இன்றும் முடியவில்லை.

இவ்வரலாறு நாள்தோறும் பயன்படக்கூடியது. நம்மவரிடையே ஆசிரியர் முன் கண்ணைத் தாழ்த்தி நிற்கும் மாணவன் மரியாதை காட்டுகின்றான். அதே மாணவன் பிறநாடொன்றில் அதிகாரியின் முன் அவ்வாறு நின்றால், குற்றமுள்ளவன் எனக் கருதப்படவும் கூடும். பிறர் முகத்தைப் படிக்க முயல்வது இயல்பு. படித்ததைத் தீர்ப்பாக்கிவிடுவதே ஆபத்து. குழந்தையின் அழுகைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அந்நியனின் தலையசைப்புக்கோ பொருளை அவனிடமே கேட்டறிதல் வேண்டும். டாவினும் கேட்டுத்தான் அறிந்தார்.