கஷாயமும் சாரமும்

திருமலைக்கு யாத்திரை செல்லும் தமிழர், சேஷாசல மலைச் சரிவுகளைக் கண்குளிரக் காணாமல் திரும்புவதில்லை. செம்மரத்தின் இயற்கைத் தாயகங்களுள் ஒன்று அது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்து ஊரே திருப்பதி. 2022-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எல்லைகள் மாறின, ஆயினும் செஞ்சந்தனத்தைக் கல்லில் இழைத்து வீக்கத்துக்குப் பற்றிடும் வழக்கம் எல்லைக்கு இருபுறமும் நிலைத்தது.

பிற மாநிலங்களில் வாழும் நாமும் ஊரிலிருந்து மூலிகைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுசெல்கிறோம். 'முன்னோர் உண்டது, தீங்கு செய்யாது' என்பது நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எதுவரை செல்லும் என்பதை வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

முன்னோர் உண்டது பெரும்பாலும் நீரிலிட்டுக் காய்ச்சிய கஷாயம். இன்று குப்பியிலும் கூட்டிலும் அடைத்து விற்கப்படுவதோ பெரும்பாலும் சாரம். பட்டையைச் சாராயத்திலோ ஹெக்ஸேன் போன்ற கரைப்பானிலோ ஊறவைத்து, பின்னர் அக்கரைப்பானை ஆவியாக்கி எடுப்பது அது. நீரில் கரையாத பொருள்கள் அதில் கரைந்து வரும். பல பிடி மூலிகையின் வீரியம் ஒரு சிட்டிகையில் அடங்கும். மரம் ஒன்றே, மருந்து ஒன்றன்று.

கரைப்பானை அலட்சியம் செய்ததன் விலையை அமெரிக்கா 1937-இல் செலுத்தியது. மாத்திரையாக வழங்கிவந்த சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை, டைஎதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து இனிய பானமாக விற்றனர். சுவையையும் மணத்தையும் சோதித்தவர்கள், நஞ்சுண்டா என்று எந்த விலங்கிடமும் சோதிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். விற்பனைக்கு முன்பே பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கு 1938-இல் பிறந்தது.

நஞ்சின் அளவை எண்ணால் குறிக்கும் முறை அதற்கு முன்பே தோன்றியிருந்தது. டிஜிட்டாலிஸ் என்னும் இதய மருந்து செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. அதன் வீரியம் சரக்குக்குச் சரக்கு வேறுபட்டது. இத்தகைய மருந்துகளை அளக்கவே, சோதனை விலங்குகளில் சரிபாதி மடியும் அளவைக் கணக்கிடும் முறையை ஆங்கிலேய விஞ்ஞானி டிரெவன் 1927-இல் வகுத்தார்.

இனித் திருப்பதிக்கு மீள்வோம். 1954-இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் செம்மரப் பட்டையை ஆராய்ந்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். நீர், சாராயம், ஹெக்ஸேன் ஆகியவற்றால் எடுத்த சாரங்களை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தனர். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளிடம், உடல் எடையில் கிலோவுக்கு கால் கிராம் சாராயச் சாரம் சர்க்கரையை நன்கு குறைத்தது. நலமுள்ள எலிகளிடமோ சர்க்கரை அளவு தாழவில்லை. சர்க்கரை அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்தாதலின், இம்முடிவும் மதிப்புடையதே. எனினும் நெடுநாள் உண்டால் ஈரலும் சிறுநீரகமும் என்னாகும் என்ற வினாவுக்கு அது விடையன்று. அதற்கு வேறு சோதனைகள் வேண்டும்.

இவ்வேறுபாட்டைச் சட்டமும் உணர்ந்தது. நீராலோ நீரும் சாராயமும் கலந்தோ எடுக்கப்படாத மூலிகைச் சாரங்களுக்கு உடனடி நஞ்சு, நெடுநாள் நஞ்சு, மரபணுக் கேடு, கருக்கேடு ஆகிய சோதனைகள் தேவை என்று நம் நாட்டு மருந்து விதிகள் 2010-இல் வகுத்தன.

இவ்வறிவுக்காக உயிரிழப்பவை வாய்பேசா உயிர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டமும் 1998-ஆம் ஆண்டின் விதிகளும் இச்சோதனைகளைக் கட்டுப்படுத்தின. பாதி விலங்குகள் மடியும்வரை நஞ்சூட்டும் பழைய முறையைப் பன்னாட்டுச் சோதனை நெறிகள் 2002-இல் கைவிட்டன; சில விலங்குகளைக் கொண்டு படிப்படியாக அறியும் முறைகள் அதன் இடத்தைப் பெற்றன.

எலி மனிதனன்று, எலிக்குத் தீங்கு செய்யாதது நமக்கும் செய்யாது என்று அறுதியிட முடியாது. ஆயினும் எலியைக் கொல்வதை நாம் உண்ணாமல் தப்ப அச்சோதனை வழிசெய்கிறது. ஆதலின் மூலிகை மருந்து வாங்கும்போது, அது எதனால் எடுக்கப்பட்டது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்று கேட்போம்; உண்பதை மருத்துவரிடம் மறையாது சொல்வோம். முன்னோர் மருந்தை மட்டுமன்று, அவர்கள் கடைப்பிடித்த அளவையும் நமக்கு விட்டுச் சென்றனர்.